மூங்கிலுக்குள் ஒரு தவளை: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் களக்காடு முண்டந்துறைக் காடுகளில், மழை விட்ட ராத்திரியில் மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். டார்ச் அடித்துத் தேடினால் இலையிலும் இல்லை, கிளையிலும் இல்லை. கல்லுக்குள் தேரை என்போமே, இது மூங்கிலுக்குள் தேரை. கணுக்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் உட்கார்ந்து கத்துகிறது.

ராவோர்கெஸ்டஸ் கலசோடெஸ் என்பது இதன் அறிவியல் பெயர். பளிச்சென்ற பச்சை முதுகு, சாம்பல் கலந்த நீலத் தொடை. 1876இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்த பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. திரும்பக் கிடைத்த செய்தி 2011இல்தான் வெளியானது.

முதல் தவறு, குளம் குட்டையில் தேடுவது. இதற்குத் தலைப்பிரட்டைப் பருவம் தண்ணீரில் கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளியே வரும். மலபார் பறக்கும் தவளை தண்ணீருக்கு மேலே நுரைக்கூடு கட்டுவதைப் பார்த்தவர்கள் இங்கேயும் நுரையைத் தேடுகிறார்கள். பாவம், இதற்கு அந்தப் பழக்கமே இல்லை. ஓடையோரம் நாணல்போல அடர்ந்து வளரும் மெல்லிய மூங்கிலில் கீறல் மாதிரி ஒரு சின்னத் துளை இருந்தால் அதுதான் வாசல். தவளை உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும்.

இரண்டாவதுதான் பெரிய தவறு: உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று தண்டைப் பிளப்பது. பிளந்த மூங்கில் மறுபடி வீடாகாது. "முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அப்படியே வைத்துவிட்டேன்" என்பவர்கள் அப்பாவை மறந்துவிடுகிறார்கள். ஆம், இங்கே காவல் அப்பாதான். அது விலகினால், பக்கத்துத் தண்டிலிருந்து வேறு ஆண் தவளை வந்து முட்டைகளைத் தின்றுவிடும். ஆய்வாளர்கள் ஆணை அப்புறப்படுத்திப் பார்த்தபோது பெரும்பாலான முட்டைகள் பிழைக்கவில்லை. பூச்சிகளைவிடச் சொந்த இனமே பெரிய எதிரி!

இதே காரணத்தால்தான் செல்போனில் பதிவுசெய்த குரலைப் போட்டு வெளியே வரவழைப்பதும் கூடாது. போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று முட்டையை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே. ஒரு வீடியோவுக்கு அது ரொம்ப அதிக விலை.

கையில் எடுத்து வைத்துப் படம் பிடிப்பதும் வேண்டாம். தவளை தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. நம் கையிலிருக்கும் கொசு கிரீம் அதன் உடம்புக்குள் போகும். அப்புறம், வேறு ஓடையில் நடந்த சேற்று ஷூவோடு அப்படியே வராதீர்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றில் ஒட்டிக்கொண்டு இடம் மாறும். கழுவிக் காயவைத்தால் போதும்.

புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும், சொல்ல வேண்டியதில்லை. படம் கிடைத்துவிட்டால் போடுங்கள், தப்பில்லை. ஆனால் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் புள்ளியை நீக்கிவிட்டு!