திராட்சைக் குடும்பத்து அலங்காரக் கொடிகள்: நடுவதும் அடக்குவதும் அகற்றுவதும்

சுவரையோ வேலியையோ பசுமையால் மூட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விரைவாகப் படரும் கொடியைத்தான் தேடுகிறார்கள். திராட்சைக்கு உறவான அலங்காரக் கொடிகள் அந்த விருப்பத்தை மிக நன்றாக நிறைவேற்றுகின்றன. ஆனால் ஓரிரு பருவங்களில் வேலியை மூடிவிடும் அதே வேகமும், கண்ணைக் கவரும் அதே பழக்கொத்துகளும்தான் அவற்றை வேலிக்கு அப்பாலும் கொண்டு செல்கின்றன. ஆகவே எந்தக் கொடியை நடலாம் என்று முடிவு செய்வதற்கு முன், அது விதையால் பரவுமா, தரையைத் தொட்ட கணுவால் பரவுமா, உடைந்த வேர்த்துண்டால் பரவுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடக்கும் முறையும் அகற்றும் முறையும் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

முதல் வேலை கொடியைச் சரியாக அடையாளம் காண்பது. வைட்டேசி எனப்படும் இக்குடும்பத்தில் 900க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இலை முளைக்கும் கணுவில், இலைக்கு நேர் எதிர்ப்புறத்தில் பற்றுக்கம்பி முளைத்திருப்பது இவற்றுள் பெரும்பாலானவற்றின் பொதுக் குறி. பிரண்டையின் கணுவை உற்றுப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதாக இருக்கும். அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சுரை, பாகல் போன்ற கொடிகளில் பற்றுக்கம்பி இலைக்காம்பின் பக்கவாட்டிலும், பேஷன் ஃப்ரூட் கொடியில் இலைக்கக்கத்திலும் முளைக்கும். நர்சரியில் பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். கர்ட்டன் க்ரீப்பர் என்ற பெயரில், திரைச்சீலை போல வான்வேர்களைத் தொங்கவிடும், இக்குடும்பத்தைச் சேர்ந்த சிசஸ் கொடியும் கிடைக்கலாம், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கொடியும் கிடைக்கலாம். கணுவைத் திருப்பிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

அதிகம் வளர்க்கப்படுபவை வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட விர்ஜீனியா க்ரீப்பரும், சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட பாஸ்டன் ஐவியும் ஆகும். முன்னதில் ஐந்து சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்திருக்கும். பின்னதன் முதிர்ந்த இலை மூன்று மடல்களுடன் இருக்கும். இவை சுவரைப் பற்றும் விதத்தை அருகில் இருந்து கவனிப்பது பயனுள்ளது. பற்றுக்கம்பியின் கிளைநுனி சுவரைத் தொட்டதும் சிறிது சிறிதாகப் பருத்து, பசையைச் சுரந்து, ஒரு சிறு தட்டாக மாறிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கம்பி சுருள்வில்லாக முறுக்கிக்கொண்டு தண்டைச் சுவரை நோக்கி இழுத்து, நாளடைவில் மரத்தன்மை அடைந்து இறுகுகிறது. எதையும் தொடாத கம்பியோ வாடி உதிர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பழைய கம்பியின் ஒரே ஒரு கிளை 2 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 900 கிராம் எடையைத் தாங்கியதை சார்லஸ் டார்வின் சோதித்துப் பதிவு செய்திருக்கிறார். கம்பி செத்த பிறகும் தட்டு சுவரை விடுவதில்லை என்பதால், சுவரில் ஏற்றும் முடிவை எளிதில் திரும்பப் பெற முடியாது.

எனவே காரை உதிரும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும், மரப்பலகைச் சுவரிலும், அடிக்கடி வண்ணம் பூச வேண்டிய சுவரிலும் இவற்றை ஏற்றாதீர்கள். விரிசல் இல்லாத உறுதியான செங்கல் அல்லது கல் சுவர் ஏற்றது. சுவரிலிருந்து 30 முதல் 45 செ.மீ. தள்ளிக் குழி எடுத்து நட்டு, இளங்கொடியை ஒரு குச்சியின் துணையால் சுவரை நோக்கிச் சாய்த்துவிட்டால் போதும். அதன் பிறகு உதவி தேவைப்படாது. மழைநீர்க் குழாய், ஜன்னல் சட்டம், கூரை ஓட்டின் விளிம்பு ஆகியவற்றிலிருந்து அரை மீட்டர் இடைவெளியை எப்போதும் வெறுமையாக வைத்திருங்கள். ஓட்டுக்கு அடியில் நுழைந்த தண்டு ஆண்டுதோறும் தடித்து ஓட்டைத் தூக்கிவிடும். இந்தக் கொடிகள் 15 மீட்டருக்கு மேலும் ஏறக்கூடியவை என்பதால், உங்கள் ஏணி எட்டாத உயரமுள்ள சுவரில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

கவாத்து ஆண்டுக்கு இருமுறை தேவை. இலையுதிர்க்கும் இனங்களுக்குப் பெரிய வெட்டைக் குளிர்காலத்தின் நடுவில், கொடி உறங்கும்போது செய்ய வேண்டும். துளிர்க்கும் தறுவாயில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு நாள்கணக்கில் வடியும். இரண்டாவது கவாத்துதான் பரவலைத் தடுப்பது, பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். இக்கொடிகள் அந்தந்த ஆண்டின் புதுத் துளிர்களில் பூக்கின்றன. பூ முடிந்து, காய் பச்சையாக இருக்கும்போதே அந்தத் துளிர்களை வெட்டி எடுத்துவிட்டால் பறவைகள் தூக்கிச் செல்லப் பழம் இருக்காது. தரையில் இறங்கும் தண்டுகளையும் அப்போதே நறுக்கிவிடுங்கள், ஏனெனில் மண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவும் பதியன் போட்டது போல வேர்விட்டுத் தனிச் செடியாகிவிடும். வேலை செய்யும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவது அவசியம். விர்ஜீனியா க்ரீப்பரின் சாற்றிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சிலருக்குத் தோலில் எரிச்சலையும் தடிப்பையும் உண்டாக்குகின்றன. சிவந்த காம்பில் கருநீலமாகத் தொங்கும் அதன் பழங்கள் மனிதருக்கு நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காய்களை அகற்ற இது மற்றொரு காரணம்.

இக்கொடிகளால் காட்டுக்கு ஏற்படும் கேடு கற்பனையன்று. மரத்தின் உச்சியை மூடி, வெளிச்சத்தை மறைத்து, காற்றடிக்கும்போது கூடுதல் பாரமாகி, கீழே இளங்கன்றுகள் எழவிடாமல் செய்கின்றன. விர்ஜீனியா க்ரீப்பரையும் அதன் நெருங்கிய உறவான பார்த்தினோசிசஸ் இன்செர்ட்டாவையும் இயற்கை வெளியில் நடுவதும் பரவவிடுவதும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றமாகும். தோட்டத்தில் வளர்ப்பதற்குத் தடையில்லை. போர்சலின் பெர்ரியின் கதை இதைவிடக் கடுமையானது. வடகிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இக்கொடியை 1870களில் அழகுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரே கொத்தில் வெளிர்ப்பச்சை, ஊதா, பளீரென்ற நீலம் என மாறி நிற்கும் புள்ளியிட்ட பழங்கள் உண்மையிலேயே மிக அழகானவை. பறவைகளும் அவற்றைத் தேடி வருகின்றன. விளைவாக, ஆற்றங்கரைகளும் காட்டோரங்களும் அதன் போர்வைக்குள் போயின. நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் அதன் விற்பனையைத் தடை செய்துள்ளன. வெள்ளைத் தெளிப்பு இலை கொண்ட வகை சாதுவானது என்று சொல்லி விற்கப்பட்டாலும், அதன் விதையிலிருந்து பச்சை இலைக் கொடிகளே எழக்கூடும். தாயகத்துக்கு வெளியே இதைப் புதிதாக நட எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே வேரூன்றிய கொடியை அகற்றுவது பொறுமையான வேலை. காட்டுத் திராட்சையை போர்சலின் பெர்ரி என்று தவறாக வெட்டிவிடாமலிருக்கத் தண்டை நறுக்கிப் பாருங்கள்: திராட்சைத் தண்டின் நடுவிலுள்ள மென்பகுதியான உட்சோறு பழுப்பு, பட்டை நார்நாராக உரியும், போர்சலின் பெர்ரியின் உட்சோறு வெள்ளை, பட்டை உரியாது. மரத்தில் ஏறிய கொடியை இடுப்பு உயரத்தில் ஒருமுறையும் தரையை ஒட்டி ஒருமுறையும் வெட்டி, இடைப்பட்ட துண்டை நீக்குங்கள். மேலே தொங்குவதை இழுக்காதீர்கள். கிளை முறியும், பட்டை கிழியும், அது தானே காய்ந்து விழட்டும். சுவரிலும் இதே முறைதான்: அடியில் வெட்டி, நன்கு உலரவிட்டு, பிறகு மெதுவாக உரித்தெடுத்து, எஞ்சிய தட்டுகளைக் கடினமான நாரால் தேய்க்க வேண்டும். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும் என்பதால், தோண்டி எடுக்க முடியாத இடத்தில் கோடையின் இறுதியில் வெட்டி, அந்த வெட்டுவாயில் உடனடியாகக் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லியைத் தூரிகையால் பூசலாம். அந்தப் பருவத்தில் உணவு வேரை நோக்கி இறங்குவதால் மருந்தும் உடன் இறங்கும். உறையில் அச்சிட்ட அளவை மீற வேண்டாம். நீர்நிலைக்கு அருகில் அதற்கென அனுமதிக்கப்பட்ட தயாரிப்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

புஷ் கில்லர் எனப்படும் காஸோனிஸ் ஜப்போனிகாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. இதற்கும் ஐந்து சிற்றிலைகள் இருப்பதால் விர்ஜீனியா க்ரீப்பர் என்று எண்ணிவிடுவார்கள். ஆனால் இதன் நடுச் சிற்றிலை நீண்ட காம்பில் தனித்து நிற்க, பக்கத்துச் சிற்றிலைகள் இரண்டிரண்டாக ஒரே காம்பைப் பகிர்ந்திருக்கும். இது விடாப்பிடியாகத் திரும்புவது வேர்த்துண்டுகளால். மண்ணைக் கொத்தியோ உழுதோ விட்டால் ஒவ்வொரு துண்டும் புதுக் கொடியாகும். ஆகவே ஈரமண்ணில் வேரைத் தொடர்ந்து சென்று முழுவதுமாக எடுக்க வேண்டும்.

வெட்டிய தண்டுகளைப் பச்சையாக உரக்குழியில் போடக் கூடாது, காலி இடத்திலோ ஓடைக்கரையிலோ வீசவும் கூடாது. தரையைத் தொடாதவாறு சிமென்ட் தளத்தில் பரப்பி, தண்டு ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவிடுங்கள். பழக்கொத்துகளைத் தனியே பையில் கட்டி மூடிக் குப்பையில் சேருங்கள். மண்ணில் கிடக்கும் விதைகள் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், பறவைகள் அமரும் வேலியின் அடியையும் மரநிழலையும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பார்த்து, நான்கைந்து இலைப் பருவத்திலேயே நாற்றுகளை வேரோடு பிடுங்கிவிட்டு, வெறுமையான இடத்தில் தடிமனாக மூடாக்கு இட்டோ அந்த நிலத்துக்கு உரிய செடிகளை நெருக்கமாக நட்டோ விடுங்கள்.