கொப்பர் பைப்பின் வாய்: ஏசி பூட்டும் தம்பிமார் திரும்பத் திரும்ப விடும் பிழைகள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் ஏசி பூட்டுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காலையில் கல்லடி, மத்தியானம் காத்தான்குடி, பொழுதுபட ஏறாவூர் என்று ஓட வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிமாரின் வேலையை அதிகம் பார்க்கக் கிடைப்பதும் இந்த நாட்களில்தான். அவர்கள் பூட்டிய மெசின் கொஞ்ச நாளில் குளிர் விட்டுவிடும், வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிடுவார். போய்க் கழற்றிப் பார்த்தால் நாங்கள் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகள்.

நட்டைப் பைப்பில் போடாமலே பிளெயார் அடிப்பது (நட்டால் இறுக்குவதற்காகப் பைப்பின் வாயைக் கூம்பாக விரிப்பது) போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தரம் நடந்தால் பிறகு ஆயுசுக்கும் மறக்காது. நடந்ததே தெரியாமல் நடக்கும் பிழைகள்தான் என் கவலை.

வெட்டும்போதே தொடங்கும் வினை

பைப் கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும். அவசரத்தில் குமிழை ஒரேயடியாகத் திருகினால் கொப்பர் வெட்டுப்படுவதற்கு முன்னரே உள்ளே மடியும். வாய் சுருங்கி, விளிம்பு தடித்துப்போகும். வெளியில் பார்த்தால் வெட்டு அழகாகத்தான் தெரியும். சுண்டுவிரல் நகத்தை உள்விளிம்பில் ஓடவிட்டுப் பாருங்கள், தடுக்கும்.

அந்தத் தடிப்போடு பிளெயார் அடித்தால் முகத்தில் ஒரு வளையம் விழும். பிளெயார் போய்ப் பொருந்தும் வால்வின் கூம்பு அதில் ஒரு பக்கம் பட்டு மறுபக்கம் படாமல் இருக்கும். ஆகவே உள்விளிம்பைச் சுரண்டும் ரீமர் போட வேண்டும். போடும்போது பைப்பின் வாய் நிலத்தைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் முழுக்க உள்ளே போய்விடும். நகம் தடுக்காத கட்டம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் சுரண்டினால் விளிம்பு மெலிந்து, அடிக்கும்போது கீறிக்கொள்ளும்.

ஹெக்சோ பிளேட்டால் வெட்டுவது

வேண்டாம்.

கசிந்தால் இன்னும் இறுக்கு

இந்த ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி. காஸ் அடிப்பார்கள், கொஞ்ச நாளில் குளிர் குறையும், அதே தம்பி வந்து அவுட்டோர் (வெளியில் வைக்கும் பெட்டி) நட்டை இன்னும் ஒரு இழுவை இழுத்துவிட்டுத் திரும்பக் காஸ் அடிப்பார். இப்படியே பருவம் முழுவதும் போயிருக்கிறது. நான் நட்டைக் கழற்றினேன். பிளெயாரின் பின்கழுத்தில் சுற்றிவர ஒரு பள்ளம், அந்த இடத்தில் கொப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கியது. விரலால் லேசாக அசைத்தேன், பிளெயார் தனியே கழன்று கையோடு வந்துவிட்டது.

“எவ்வளவு இறுக்கினாய் மகன்?” என்று கேட்டேன்.

“ஏலுமட்டும் இறுக்கின நான் அண்ணே.”

பிரச்சினையே அதுதான். சுருளாக வரும் கொப்பர் மென்மையானது. வளைத்தாலும் விரித்தாலும் நசுக்கினாலும் ஒவ்வொரு தரமும் அது இறுகிக்கொண்டே போகும். கட்டுக்கம்பியை அப்படியும் இப்படியும் மடித்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதல்லவா, அதே கதைதான். இந்த மூட்டில் வாஷர் கிடையாது, கொப்பரும் பித்தளையும் நேருக்கு நேர் ஒட்டித்தான் காஸைப் பிடிக்கின்றன. அளவுக்கு மேல் இறுக்கினால் நட்டுக்கும் கூம்புக்கும் இடையில் கழுத்து நசிந்து மெலியும். முதல் நாள் கசிவு நிற்கும். பிறகு கொம்ப்ரசரின் அதிர்வில், மெலிந்து இறுகிப்போன அந்தக் கழுத்து கீறும். அதற்கு மருந்தாக மறுபடியும் இறுக்கினால் மிச்சமிருக்கும் கொப்பரும் போய்விடும்.

நட்டை இறுக்கும் விசை கால் அங்குலப் பைப்புக்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர், முக்கால் அரைக்கு 34 முதல் 42, அரை அங்குலத்துக்கு 49 முதல் 61 என்ற அளவில்தான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. (எட்டில் மூன்று அங்குலத்தைத்தான் முக்கால் அரை என்கிறேன்.) இந்த இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானர் விலைதான், ஆனால் ஒரு சிலிண்டர் காஸைக் காற்றில் விடுவதோடு ஒப்பிட்டால் பெரிய காசில்லை. பிறகு வந்த ஏசிகளில் உள்ள ஆர் 410ஏ காஸின் அழுத்தம், பழைய ஏசிகளில் இருந்த ஆர் 22ஐப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. அந்தக் காலத்துக் கைக்கணக்கு இதற்குச் சரிவராது. அப்புறம், எப்போதும் இரண்டு ஸ்பானர்: ஒன்று வால்வைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பானரால் இழுத்துப் பைப்பையே முறுக்கிவைத்த வேலைகளையும் பார்த்திருக்கிறேன்.

கசிந்தால் செய்ய வேண்டியது, காஸை மீட்டெடுத்துவிட்டு பிளெயாரை வெட்டி எறிந்து புதிதாக அடிப்பது. இது அந்தத் தம்பிக்கும் தெரியும். ஏன் செய்யவில்லை என்றால், வெட்டுவதற்குப் பைப் மிச்சமில்லை. பைப் விலை என்று சொல்லி வால்வு வரைக்கும் அளந்து வெட்டியிருந்தார். இரண்டு முனையிலும் ஒரு சாண் கூட விடுங்கள், அவுட்டோருக்குப் பின்னால் ஒரு வளையமாகச் சுற்றிவிடலாம். அந்த ஒரு சாணை மிச்சம்பிடிக்கப் போய்த்தான் விடுதிக்காரர் கடைசியில் கொம்ப்ரசரே மாற்ற வேண்டி வந்தது. காஸ் குறைந்த மெசின் ஓட ஓட கொம்ப்ரசர் சூடேறும், அதை யாரும் கவனிக்கவில்லை.

இறுகிய கொப்பரை நெருப்பில் சிவக்கக் காட்டி மென்மையாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மென்மையாகும், உண்மைதான். ஆனால் உள்ளே நைதரசன் ஓடாமல் சூடாக்கினால் பைப்பின் உட்சுவரில் கறுப்புச் செதில் படியும். அது உதிர்ந்து போய் அடைத்துக்கொள்ளும் இடங்களைத் தேடிப்பிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

திரெட்டில் தேப், சிலிக்கன்

காஸை அடைப்பது திரெட் அல்ல. எங்கே சுற்றுகிறீர்கள்?

எண்ணெய்

கொம்ப்ரசருக்குரிய எண்ணெயில் ஒரு துளி, பிளெயாரின் உள்முகத்திலும் பின்முகத்திலும். தேங்காயெண்ணெய் பூசிய ஒருவரையும் கண்டேன், வாசம் நன்றாகத்தான் இருந்தது.

மெல்லிய பைப்

கால், முக்கால் அரை, அரை அங்குலத்துக்கு 0.8 மில்லிமீற்றர் சுவர் இருக்க வேண்டும். கடையில் அதைவிட மெல்லியதும் விற்கிறார்கள். வேர்னியர் கொண்டுபோய் வெட்டுவாயை அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள். விரித்த பிளெயாருக்கும் அளவு உண்டு: ஆர் 410ஏக்கு வெளிவிட்டம் கால் அங்குலத்தில் 9.1, முக்கால் அரையில் 13.2, அரை அங்குலத்தில் 16.6 மில்லிமீற்றர் வரை.

சோதிக்காமல் உறை போடுவது

நைதரசன் ஏற்றி, சவர்க்கார நுரை தடவி, நின்று பார்த்த பிறகுதான் மூட்டுக்கு மேல் உறை. அதன் பிறகு வேக்கியூம், அதாவது பைப்புக்குள் இருப்பதைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது.

ஒட்சிசன் சிலிண்டரால் அழுத்தம் பார்ப்பது

எண்ணெயும் அழுத்தத்திலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் வெடிக்கும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

பழைய லைனில் புதிய மெசின்

ஆர் 22 இருந்த பைப்பில் ஆர் 410ஏ அல்லது ஆர் 32 மெசினைப் பூட்டும்போது பழைய பிளெயாரை அப்படியே மாட்டிவிடுகிறார்கள். பைப்பின் சுவர் தடிப்பு சரியா, உள்ளே பழைய எண்ணெய் கழுவப்பட்டதா என்பது முதல் கேள்வி. அது சரியென்றாலும் பிளெயாரை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும். அரை அங்குல நட்டு முன்பு 24 மில்லிமீற்றர் ஸ்பானருக்கு, இப்போது 26. ஆர் 32 கொஞ்சம் தீப்பிடிக்கக்கூடிய காஸ் என்பதால் மூடிய படுக்கையறையில் கசிய விடவே கூடாது. புதிய மெசினோடு வரும் நட்டையே போடுங்கள். பழையதைப் பித்தளை விலைக்குக் கொடுத்தால் தேத்தண்ணிக் காசாவது வரும்.