கணுக்கால் புண் ஆறிய விதம்

அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் எனக்கு, இடது கணுக்காலின் உட்புறத்தில் தோல் கருத்துத் தடித்து, பின்னர் நீர் கசியும் புண்ணாக மாறியது. சர்க்கரை நோய் இல்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டியதால், பாளையங்கோட்டையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் சிரைகளில், அதை மேல்நோக்கி மட்டும் செல்லவிடும் வால்வுகள் பழுதடைந்து, இரத்தம் கீழே திரும்பித் தேங்கி, அந்த அழுத்தத்தில் தோல் நலிந்து உடைந்திருந்தது.

புண்ணை ஆற்றியதில் பெரும்பங்கு அழுத்தக் கட்டுக்கே உரியது. ஆனால் கட்டுப் போடும் முன் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவது கட்டாயம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.8-க்குக் கீழே இருந்தால், காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருக்கலாம், அப்போது இறுக்கமான கட்டு காலுக்கே கேடாக முடியும். எனக்கு அது சரியாக இருந்ததால், கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் விழுமாறு, கால்விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை பல அடுக்குக் கட்டுப் போட்டார்கள். நம் திருநெல்வேலி வெயிலில் அது பெரும் சோதனைதான். ஆயினும் நானாக அவிழ்க்கவில்லை. படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்தேன்.

மாதங்கள் சென்றே புண் மூடியது. மீண்டும் வராதிருக்கப் பழுதான சிரையை லேசர் முறையில் அடைத்துக்கொண்டேன். பகலில் அழுத்தக் காலுறை அணிகிறேன்.