மலேரியா ஆய்வுக்கு வருகிறீர்களா? முதலில் ஸ்லைடில் ஒட்டுண்ணிகளை எண்ணிப் பழகுங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் பிசிஆர் (ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) மேல்தான் கண். சரி, அது அப்புறம். 1880-ல் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் இந்த ஒட்டுண்ணியைக் கண்டது மைக்ராஸ்கோப்பில்தான்.

ரத்தத்துளியைத் தடிப்பாகப் பரப்பி, அடியில் வைத்த அச்செழுத்து மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, நன்றாக உலர விடுங்கள். அணுக்களை நிலைப்படுத்தும் மெத்தனால், மெல்லியதாகப் பரப்பிய பூச்சுக்கு மட்டும்; தடித்ததில் பட்டுவிட்டால் சிவப்பணுக்கள் உடையாமல் அப்படியே நின்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிறகு 3% ஜீம்சா சாயத்தில் 30 முதல் 45 நிமிடம்.

100 மடங்கு எண்ணெய் லென்ஸில், சிவப்புப் புள்ளியும் அதை ஒட்டிய நீலமும் சேர்ந்து தெரிந்தால்தான் எண்ணுங்கள். வெறும் புள்ளி பெரும்பாலும் சாய அழுக்குதான், எனக்கு ஆரம்பத்தில் அதெல்லாம் மலேரியாவாகவே தெரிந்தது!

200 வெள்ளையணுக்களை எண்ணும்வரை 100 ஒட்டுண்ணிகூடத் தேறாவிட்டால் 500 வரை போங்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8000 வெள்ளையணுக்கள் என்று வைத்துக்கொண்டு, ஒட்டுண்ணி எண்ணிக்கையை 8000-ஆல் பெருக்கி, எண்ணிய வெள்ளையணுக்களால் வகுத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கான கணக்கு: 200-க்கு 150 என்றால் 6000. 'இல்லை' என்று எழுதுவதற்கு முன் 100 புலங்களாவது (லென்ஸில் ஒரு முறைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பாருங்கள், இரண்டாவதாகப் பார்ப்பவரிடம் உங்கள் எண்ணைச் சொல்லாதீர்கள்.