டி.டி.எச். மாற்றப் போகிறீர்களா? சுவருக்குள் இருக்கும் ஒயரை முதலில் பாருங்கள்

போன மாதம் எங்கள் வீட்டு டிஷ் இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றினேன். பொருத்த வந்த தம்பி, கொண்டுவந்த பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, “சார், பழைய ஒயர்ல சிக்னல் நிக்காது. புதுசா இழுத்துடலாம். மீட்டர் கணக்குல தனியா வரும்” என்றார்.

எங்கள் வீட்டில் ஒயர் மொட்டைமாடியிலிருந்து சுவருக்குள் பைப் வழியாக ஹாலுக்கு வருகிறது. வீடு கட்டும்போதே போட்டது. புதிதாக இழுப்பதென்றால் கைப்பிடிச்சுவரைத் தாண்டி முன்பக்கம் தொங்கவிட்டு, ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். “தம்பி, ஒரு தடவை பழசுலயே மாட்டிப் பாருங்க. வரலைன்னா நீங்க சொல்றபடியே செஞ்சுக்கலாம்” என்றேன். மாட்டினார். படம் வந்தது.

அப்படித் தைரியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், முந்தைய ஞாயிற்றுக்கிழமையே அந்த ஒயரைச் சோதித்து வைத்திருந்தேன். எலக்ட்ரிக் வேலை எதுவும் தெரியாதவர்களும் அதைச் செய்யலாம். ஒரு ஸ்பேனர், ஒரு கட்டர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

படி 1: எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்

செட்டாப் பாக்ஸை மறந்துவிடுங்கள். ஒரு கம்பெனியின் பாக்ஸ் அந்தக் கம்பெனியின் பூட்டை மட்டுமே திறக்கும். எந்த பாக்ஸும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்துமாறு இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஆனால் கம்பெனி மாறினால் இன்றும் பாக்ஸை மாற்றித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

டிஷ்ஷின் நுனியில் கொம்பு போல நிற்கிறதே, அந்த எல்.என்.பி.யையும் புதிய கம்பெனி தருவதையே போட்டுக்கொள்ளுங்கள். பழையதே வேலை செய்யும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த சாமான் அது. அதில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பிறகு மாடி ஏறி இறங்குவது வீண்.

மிச்சமிருப்பது மூன்று: தட்டு, அதைத் தாங்கும் ஸ்டாண்டு, ஒயர். தட்டு வெறும் இரும்புதான், எந்தக் கம்பெனி பெயர் அச்சடித்திருந்தாலும் வேலை ஒன்றே. நெளியாமல் இருந்தால் போதும். ஸ்டாண்டின் போல்ட்டுகள் துருப்பிடித்து ஆடாமல் இருந்தால் அதுவும் சரி. இந்த மூன்றில் மாற்றுவதற்குக் கஷ்டமானது ஒயர்தான் என்பதால், இனி பெரும்பாலும் அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

படி 2: புதிய கம்பெனி எந்தப் பக்கம் பார்க்கிறது?

பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. பலர் கட்டிய பிறகுதான் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் செயற்கைக்கோள் வேறு வேறு. டாடா பிளே 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை (இது கோள் நிற்கும் இடம், நாம் பார்க்கும் திசையல்ல). டி2எச் 88. டிடி ஃப்ரீ டிஷ் 93.5. டிஷ் டிவி 95. ஏர்டெல் 108.2. எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை.

சென்னையிலிருந்து பார்த்தால் 83 டிகிரி கோள் கிட்டத்தட்ட நேர் தெற்கே, கொஞ்சமே கிழக்குச் சாய்வாக, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருக்கும். தரையிலிருந்து சுமார் 74 டிகிரி. 93.5 சரியாக அக்னி மூலைப் பக்கம், 68 டிகிரி உயரம். 108.2 கிழக்கு நோக்கி நன்றாகத் தள்ளி, 54 டிகிரிக்கு இறங்கிவிடும். மதுரை, நாகர்கோவில் என்று தெற்கே போகப் போக இவை எல்லாமே இன்னும் கொஞ்சம் கிழக்கே திரும்பும்.

இதை வீட்டுக் கணக்காக மாற்றினால் இப்படி வரும். டிஷ்ஷிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறது என்று வையுங்கள். 83 டிகிரி கோளைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு, அந்தச் சுவர் டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்தாலும் மறைக்காது. 108.2 என்றால் நான்கு மீட்டரைத் தாண்டினாலே மறைத்துவிடும். கிழக்கே தண்ணீர்த் தொட்டியோ தென்னை மரமோ இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். தென்னை இன்றைக்கு மறைக்காவிட்டாலும் இரண்டு வருடத்தில் மறைக்கும்.

ஒரு சின்ன ஏமாற்று இதில் உண்டு. நம் வீட்டு டிஷ்ஷெல்லாம் நேராகப் பார்ப்பவை அல்ல. தட்டு பார்ப்பதுபோல் தெரியும் திசையைவிட இருபது டிகிரிக்கும் மேல் உயரத்தில்தான் அது உண்மையில் பார்க்கும். அதனால் பக்கத்து வீட்டு டிஷ்ஷின் முகத்தை வைத்து உயரத்தைக் கணிக்காதீர்கள். எந்தத் திசை என்று தெரிந்துகொள்ள மட்டும் அது நல்ல வழிகாட்டி.

படி 3: பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்போதே சோதியுங்கள்

ரீசார்ஜ் முடிந்து படம் நின்ற பிறகு ஒயர் நன்றாக இருக்கிறதா என்று கேட்பது, வண்டியை விற்ற பிறகு ஓட்டிப் பார்க்கக் கேட்பது மாதிரி. இப்போது படம் சுத்தமாக வருகிறதென்றால் ஒயருக்கு நற்சான்றிதழ் கிடைத்தாயிற்று. பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து, அளவு, தரம் இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒயர் சரியில்லை என்று யாராவது சொன்னால் காட்டலாம்.

ஆனால் ஒரே சேனலைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒயர் வழியாகச் சிக்னல் கீழே வருவது மட்டுமல்ல, பாக்ஸிலிருந்து மின்சாரமும் மேலே போகிறது. சில சேனல்களுக்கு 13 வோல்ட், சிலவற்றுக்கு 18 வோல்ட். எந்த அலையைப் பிடிக்க வேண்டும் என்று எல்.என்.பி.க்குச் சொல்வதே இந்த வோல்ட் வித்தியாசம்தான். எங்காவது ஜாயின்ட் கெட்டிருந்தால் 18 வோல்ட் மேலே போய்ச் சேராது. அப்போது பாதிச் சேனல் வரும், பாதி வராது. “அந்த சேனல் மட்டும் எப்பவுமே வராதுங்க” என்று எத்தனையோ வீட்டில் வருடக்கணக்கில் சகித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான். எல்லாச் சேனலையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

படி 4: ஒயரின் ஜாதகம்

ஒயரின் மேல்தோலில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஆர்.ஜி.6 என்று இருந்தால் கவலையில்லை. முப்பது மீட்டர் வரை தாராளமாகப் போகும். ஆர்.ஜி.59 என்று இருந்து ஒயர் மெலிதாகத் தெரிந்தால், அது பழைய கேபிள் டிவி காலத்தது. குறைந்த தூரமென்றால் ஒப்பேற்றலாம், மூன்று மாடி இறங்கி வர வேண்டுமென்றால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, நடுவில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். என் அனுபவத்தில் பழைய ஒயரின் மேல் விழும் பழியில் முக்கால்வாசி உண்மையில் ஸ்பிளிட்டருக்குச் சேர வேண்டியது. கேபிள்காரர் ஒரு காலத்தில் இரண்டு அறைக்குப் பிரித்துக் கொடுத்த சின்னப் பெட்டி, பரண் மேலோ மாடிப்படி சந்திலோ தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். கேபிள் டிவிக்கான ஸ்பிளிட்டர் 1000 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்ய உருவாக்கப்பட்டது. டிஷ் ஒயரில் ஓடுவதோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. போதாக்குறைக்கு அவற்றில் பல, மேலே போக வேண்டிய வோல்ட்டையும் தடுத்துவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் இரும்பு ஜாயின்டரால் நேராக இணையுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் கண்ணில் பட்டால் அதையும் வெட்டிவிட்டு ஜாயின்டர் போடுங்கள்.

கேபிளிலிருந்து முதல்முறையாக டிஷ்ஷுக்கு வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கும்: மாடியில் நாலு ஒயர் தலை நீட்டிக்கொண்டிருக்கும், எது ஹாலுக்குப் போகிறது என்று தெரியாது. இங்கேதான் மல்டிமீட்டர்.

முதலில் பாக்ஸை சுவிட்சில் அணைத்து, ஒயரின் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். மீட்டரை ஓம் அளவுக்கு வைத்து, ஹாலில் இருக்கும் முனையில் நடுச் செம்புக் கம்பியையும் வெளி வலையையும் தொட்டுப் பாருங்கள். தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. சரியாக இருந்தால், அந்த முனையில் கம்பியையும் வலையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டிவிட்டு மாடிக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு ஒயராகச் சோதித்தால், ஒன்றில் மட்டும் சில ஓம் காட்டும். அதுதான் உங்கள் ஒயர். வண்ண டேப் ஒன்றைச் சுற்றி அடையாளம் வையுங்கள். கீழே கட்டிய துண்டை மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். நான் மறந்துவிட்டு அரைமணி நேரம் குழம்பியிருக்கிறேன்.

படி 5: முனையை வெட்டிப் புதிதாக்குங்கள்

ஒயர் கெட்டுப்போவது பெரும்பாலும் முனையில்தான். மாடியில் எல்.என்.பி. பக்கம் கனெக்டரைக் கழற்றினால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், வலை கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் வெட்டினால் பெரும்பாலும் போதும். ஒரு மீட்டர் வெட்டியும் கறுப்பு நிற்கவில்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அந்த ஒயரை விட்டுவிடுவதே நல்லது.

பிறகு மேல்தோலை ஒன்றரை சென்டிமீட்டர் சீவி, வலையைப் பின்னால் மடித்து, வெள்ளை நுரையையும் உரித்து, கனெக்டரை அழுத்தித் திருகுங்கள். நடுக்கம்பி கனெக்டரின் வாயைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். வலையின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். பூதக்கண்ணாடி வேண்டாம், போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மாட்டும்போது பாக்ஸ் அணைந்திருக்கட்டும். எல்.என்.பி.க்குப் போகும் ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி மறுபடி மேலே ஏறட்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. வானம் இருட்டியிருந்தால் மாடி வேலையை மறுநாளைக்குத் தள்ளுங்கள். பக்கத்தில் ஈ.பி. லைன் போகிறதென்றால் நீளமான இரும்புக் குழாய் எதையும் தூக்காதீர்கள்.

படி 6: திருப்புவதை அவரிடமே விடுங்கள்

தட்டைக் கோளுக்கு நேராகத் திருப்புவதை நாமே செய்யலாம்தான். ஆனால் 60 சென்டிமீட்டர் தட்டின் பார்வை அகலம் சுமார் மூன்று டிகிரி மட்டுமே. பொருத்த வருபவரிடம் சிக்னல் அளக்கும் மீட்டர் இருக்கும், பழக்கமும் இருக்கும், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். நாம் முயன்றால் ஒருவர் மாடியில், ஒருவர் டிவி முன்னால், “வந்துச்சா?” “வரலை!” என்று தெருவே கேட்கும்.

தரத்தின் அளவை மட்டும் அவர் போவதற்குள் பார்த்துவிடுங்கள். வெயில் நேரத்தில் படம் வந்தால் போதாது. மழை வரும்போது இந்த அலைவரிசை பலவீனமாகும், அதைத் தாங்க மிச்சம் வேண்டும். விளிம்பில் நிற்கும் அளவாக இருந்தால் இன்னொருமுறை நுணுக்கமாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போதுதான் நகரும்.

இரண்டு டிவி இருக்கும் வீடு

இங்கே ஒயரைப் பிரித்து வேலை நடக்காது. ஒரு பாக்ஸ் 13 வோல்ட் கேட்கும் நேரத்தில் இன்னொன்று 18 கேட்கும், எல்.என்.பி. யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு வாய் உள்ள எல்.என்.பி., பாக்ஸுக்கு ஒரு தனி ஒயர் என்பதே வழி. அதனால் இரண்டாவது அறைக்குத் தனி ஒயர் ஓடுகிறதா, அல்லது ஹாலிலிருந்து பிரிகிறதா என்பதை நான்காம் படியிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். இணைப்புக்குச் சொல்லும்போதே இரண்டு டிவி என்று சொன்னால்தான் வருபவர் சரியான எல்.என்.பி. கொண்டுவருவார்.

பழைய கணக்கில் மிச்சமிருக்கும் ரீசார்ஜை முடிந்தவரை ஓட்டித் தீர்த்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று நாளில் புதியதைப் போடச் சொல்லுங்கள். பழைய பாக்ஸ் வாடகைக்குத் தந்ததா, விலைக்கு வாங்கியதா என்று பில்லைப் பாருங்கள். வாடகை என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விலைக்கு வாங்கியது என்றால், அதன் அடாப்டரையும் எச்.டி.எம்.ஐ. ஒயரையும் எடுத்து டிராயரில் போட்டு வையுங்கள். ஒருநாள் தேவைப்படும்.