சீரியலில் சின்ன வேடம் வாங்கி நடிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒரு தினசரித் தொடர் வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பானால் வருடத்துக்கு 300 எபிசோடுக்கு மேல் எடுத்தாக வேண்டும். கதை ஒரே குடும்பத்தைச் சுற்றித்தான் ஓடும். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாராவது மயங்கி விழுந்தால் டாக்டர் வேண்டும், நகை காணாமல் போனால் இன்ஸ்பெக்டர் வேண்டும், சொத்தை எழுதி வாங்கச் சார்பதிவாளர் வேண்டும். எதிர்வீட்டு அக்கா, கல்யாணத் தரகர், வக்கீல், பள்ளிக்கூட எச்.எம். என்று தினமும் யாராவது வந்து இரண்டு வசனம் பேசிவிட்டுப் போவார்கள். பல வருடமாக நான் பார்க்கிற வேலை அதுதான். சென்னையில் இந்த வேலைக்கு ஆள் எப்போதும் தேவைப்படுகிறது, ஒழுங்காகச் செய்கிறவர்களை மறுபடியும் கூப்பிடவும் செய்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று நிறையப் பேர் கேட்பதால், வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் முகத்துக்கு என்ன வேடம் என்று முடிவு செய்யுங்கள்

புரொடக்‌ஷன் மேனேஜரின் போனில் நடிகர்களின் பெயர் பெரும்பாலும் வேடத்தோடு சேர்ந்துதான் இருக்கும்: டாக்டர் இன்னார், போலீஸ் இன்னார், ஐயர் இன்னார். ராத்திரி பத்து மணிக்கு மறுநாள் சீன் பேப்பர் (காட்சியும் வசனமும் எழுதிய தாள்) வரும்போது அவர் தேடுவது அந்த முதல் வார்த்தையைத்தான். "எந்த வேடமானாலும் செய்வேன் சார்" என்று சொன்னால் எந்த வார்த்தையிலும் நீங்கள் சிக்க மாட்டீர்கள். கண்ணாடியில் பார்த்து, உங்களைத் தெரியாத நாலு பேரிடமும் கேட்டு, இரண்டு வேடங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். முகம் பழகிய பிறகு மற்ற வேடங்கள் தானாக வரும்.

பயிற்சி வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து எத்தனையோ நடிகர்கள் சினிமாவுக்கும் சின்னத்திரைக்கும் வந்திருக்கிறார்கள். அதுபோன்ற இடத்துக்குப் போக வசதியில்லையென்றால், உங்கள் ஊரில் நாடகம் போடும் ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள். அடுத்தவர் பேசும்போது மேடையில் சும்மா நிற்கப் பழகுவதே பெரிய பாடம். அது ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

2. படமும் வீடியோவும்

ஃபில்டர் போடாத மூன்று படம் போதும்: நேர்முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம். ஜன்னலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் போதுமான அளவு கிடைக்கும். தாடி எடுத்தாலோ முடி வெட்டினாலோ அன்றைக்கே புதிய படம் எடுத்து அனுப்புங்கள். பழைய படத்தை நம்பிக் கூப்பிட்டுவிட்டு, நேரில் வேறு ஆளைப் பார்த்தால் மேனேஜர் நொந்துபோவார்.

வீடியோவில் பெயர், வயது, உயரம், எந்தெந்த மொழி தெரியும் என்று சொல்லிவிட்டு, இடது வலது பக்கம் திரும்பிக் காட்டுங்கள். பிறகு ஒரு நிமிட நடிப்பு. பஞ்ச் டயலாக்கும் அழுகையும் வேண்டாம். ஒரு டாக்டர் நோயாளியின் தம்பியிடம் கெட்ட செய்தி சொல்வது, ஒரு தரகர் மாப்பிள்ளை வீட்டில் ஜாதகம் நீட்டுவது என்று, நாளைக்கே உங்களுக்குக் கொடுக்கக்கூடிய சீனைச் செய்து காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

3. யாரிடம் கொடுப்பது

முதன்மை வேடங்களைச் சேனலும் தயாரிப்பாளரும் இயக்குநரும் சேர்ந்து தேர்வு செய்வார்கள். ஒரு நாள், இரண்டு நாள் வேடங்களைக் கோ-டைரக்டரும் மேனேஜருமே முடித்துவிடுவார்கள். ஆகவே நீங்கள் சந்திக்க வேண்டியது அவர்களை. சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் பக்கம் ஷூட்டிங் வீடுகள் நிறைய இருக்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டி ஈ.வி.பி. வளாகத்திலும் செட் போட்டு எடுக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போய், அனுமதி கேட்டு, ஒரு நிமிடத்தில் பேசிவிட்டுத் திரும்புங்கள். ஷாட் ஓடும்போது போய் நிற்காதீர்கள்.

வேடம் வாங்கித் தர யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "ரெஜிஸ்ட்ரேஷன்", "போர்ட்ஃபோலியோ", "சங்க உறுப்பினர் கார்டு வாங்கித் தருகிறோம்" என்று பல பெயரில் கேட்பார்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்தான் சம்பளம் தர வேண்டும். இப்படிப் பணத்தை இழந்த பிள்ளைகள் ஊருக்கு பஸ் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கார்டு வேண்டுமென்றால் சின்னத்திரை நடிகர் சங்கத்துக்கே நேரில் போய் விதிமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண்கள், ஆடிஷன் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை வீட்டில் ஒருவருக்காவது அனுப்பிவிட்டுப் போங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போவதில் கூச்சமே வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் ஷூட்டிங் ஸ்பாட்டுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும், இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் குழு உண்டு.

4. போன் வந்தால் கேட்க வேண்டியவை

சந்தோஷத்தில் "சரி சார்" என்று வைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பளம், பேட்டாவும் போக்குவரத்துச் செலவும் தனியா, எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும், உடை அவர்களுடையதா நம்முடையதா, வசனத்துக்கு டப்பிங்கா (பிறகு ஸ்டுடியோவில் குரல் சேர்ப்பது) லைவ் சவுண்டா (படமெடுக்கும்போதே குரலைப் பதிவு செய்வது) என்று கேளுங்கள். பேசி முடித்ததை அப்போதே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

5. உடை

சின்ன வேடத்துக்குப் பெரும்பாலும் நம் உடைதான். நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் கேமராவில் நெளிநெளியாகத் தெரியும், பளிச் வெள்ளையில் வெளிச்சம் தெறிக்கும். வெளிர் நீலம், சந்தனம், சாம்பல் என்று மங்கிய நிறத்தில் மூன்று செட் கொண்டுபோங்கள். லைவ் சவுண்டு என்றால் கண்ணாடி வளையலும் மொடமொடப்பான புடவையும் மைக்கில் சத்தம் போடும். படமெடுத்த உடையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதே சீனின் தொடர்ச்சிக்கு மூன்று வாரம் கழித்துக்கூடக் கூப்பிடுவார்கள்.

6. பிராம்ப்டிங்

மேடையிலிருந்து வருகிறவர்களை முதலில் மிரள வைப்பது இது. டப்பிங் உள்ள தொடரில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சத்தமாகச் சொல்லுவார், அதைக் கேட்டு நீங்கள் பேச வேண்டும். சீன் பேப்பர் சில நேரம் காலையில்தான் வருகிறது, மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. இதை நடிப்பே இல்லை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காதில் ஒரு குரல் ஓட, கண்ணில் வேறொருவரை வைத்துக்கொண்டு, அந்த வசனத்தைத் தன் பேச்சாகப் பேசுவது பெரிய திறமை.

பழகும் விதம் இதுதான். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நிற்கவைத்து நாளிதழை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, அவர் வரியை முடித்த பிறகு, ஒரு மூச்சு விட்டு நீங்கள் சொல்லுங்கள். குரல் வரும் பக்கம் கண் போகக் கூடாது. அவர் முடிப்பதற்குள் தொடங்கினால் பாதி வரியில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு வாரத்தில் கண் அடங்கும்.

லைவ் சவுண்டில் பிராம்ப்ட் குரலும் பதிவாகிவிடும் என்பதால் வசனம் மனப்பாடமாக வேண்டும். செட்டுக்குப் போனதும் மேக்கப்புக்கு உட்காரும் முன்பே சீன் பேப்பரைக் கேட்டு வாங்குங்கள்.

7. கேட்பது

சின்ன வேடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு சீனை எடுத்துக்கொள்வோம். பத்திரப்பதிவு அலுவலகம். ஒரு பெரியவர் வீட்டை மூத்த மகன் பேருக்கு எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார். நீங்கள் சார்பதிவாளர். "சம்மதத்தோடதானே எழுதிக் குடுக்கறீங்க?" "இங்க கையெழுத்துப் போடுங்க." இந்த இரண்டு வசனம்தான் உங்களுக்கு. பெரியவர் பேனாவை எடுக்கும்போது வாசலில் மருமகள் வந்து "நிறுத்துங்க மாமா!" என்கிறாள். அதற்கப்புறம் நாலு நிமிடம் குடும்பம் பேசுகிறது, நீங்கள் நாற்காலியில் இருக்கிறீர்கள்.

புதியவர்கள் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். மற்றவர்களோடு சேர்ந்து கண்ணை அகல விரிப்பார்கள், இல்லையென்றால் தன் வசனம் முடிந்துவிட்டது என்று விளக்கை அணைப்பதுபோல் முகத்தை அணைத்துவிடுவார்கள். நிஜமான சார்பதிவாளர் என்ன செய்வார்? சொத்துத் தகராறு அவருக்குப் புதிதில்லை. அந்தக் கூச்சலைக் கேட்டதும் அவர் மனதில் வரும் முதல் கேள்வி, "கையெழுத்து விழுந்துடுச்சா இல்லையா?" அப்படியானால் கண் முதலில் பேனா முனைக்குப் போகும், பிறகு பெரியவர் முகத்துக்கு, கடைசியாகத்தான் வாசலுக்கு. கை தானாகப் பத்திரத்தைத் தன் பக்கம் இழுக்கும். அவர்கள் பேசப் பேச, வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். இதே மாதிரி ஒரு வேடத்தில் நான் பேனா, முகம், வாசல் என்று அந்த வரிசையில் பார்த்தேன். ஒத்திகையில் அதைக் கவனித்த இயக்குநர், "சாருக்குத் தனியா ஒரு குளோஸ்-அப் வைங்க" என்றார். அந்தத் தொடரில் என் வேடம் அதற்கப்புறமும் வந்தது.

ஆகவே, சீன் பேப்பரில் உங்கள் வசனத்தை மட்டும் கோடு போட்டு வைக்காதீர்கள். மற்றவர்களின் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில், அதைக் கேட்கும்போது உங்கள் ஆள் மனதுக்குள் என்ன சொல்லிக்கொள்வார் என்று ஒரு வரி எழுதுங்கள். கேமரா வந்தால் அந்த வரியை மனதில் ஓட்டினால் போதும், முகத்தைத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

"கட்" சொல்லும் வரை அதிலேயே இருங்கள். தொடரில் ஒரு ரியாக்‌ஷனைப் பின்னணி இசையோடு நீட்டிப் போடுவார்கள், எடிட்டருக்கு அந்தக் கூடுதல் நொடிகள் தேவை. இன்னொன்று, எல்லோரும் தெரிய முழுச் சீனையும் எடுக்கும் மாஸ்டர் ஷாட் முடிந்து, தோளுக்கு மேல் எடுக்கும் சஜஷன் ஷாட்டும் முடிந்து உங்கள் குளோஸ்-அப் வரும்போது, கதாநாயகி உடை மாற்றப் போயிருப்பார். ஓர் உதவி இயக்குநர் கேமராவை ஒட்டிக் கையை மடக்கி நீட்டி, "மேடம் இங்க இருக்காங்க சார், லுக் இங்க" என்பார். அந்தக் கையைப் பார்த்து நடிக்க வேண்டும். மாஸ்டர் ஷாட்டின்போது அவர் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்திருந்தால் இது சுலபம்.

8. கண்டினியூட்டி

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் கண்டினியூட்டி. பேனா எந்தக் கையில், கண்ணாடி மூக்கிலா மேஜையிலா, எந்த வார்த்தையில் எழுந்தீர்கள் என்பதை உதவி இயக்குநர் குறித்து வைப்பார். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அசைவு குறைவாக இருந்தால் நினைவில் நிற்கும். ஒவ்வொரு டேக்கிலும் புதுசாக ஏதாவது சேர்த்தால் எடிட்டர் உங்களை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

9. பணமும் கணக்கும்

அன்றைக்கே கையில் கொடுப்பவர்களும் உண்டு, மாதக்கணக்கில் இழுப்பவர்களும் உண்டு. தேதி, தொடர், மேனேஜர் பெயர், பேசிய தொகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வங்கி வழியாக வரும் சம்பளத்தில் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். நிறையப் பேர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது உங்கள் உழைப்புப் பணம்.

இந்த வருமானத்தை மட்டும் நம்பி முதல் வருடமே வேலையை விடாதீர்கள். வியாழக்கிழமை டிஆர்பி வருகிறது, எண் இறங்கினால் கதையின் ட்ராக் மாறும், "தொடர்ந்து வரும்" என்று சொன்ன வேடம் அந்த வாரமே நின்றுவிடும். உங்கள் நடிப்பில் குறை என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

10. ஒளிபரப்பான பிறகு

எபிசோடைப் பாருங்கள், உங்கள் பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள். நீங்கள் பேசும் இடத்தைவிடக் கேட்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள், அங்கேதான் பொய் தெரியும். நன்றாக வந்த நாற்பது நொடியை இரண்டாம் படியில் எடுத்த வீடியோவுக்குப் பதிலாக வைத்து, கூப்பிட்ட கோ-டைரக்டருக்கு ஒரு நன்றியோடு அனுப்பிவிட்டு, அடுத்த மேனேஜருக்கும் அனுப்புங்கள்.