எம்.எல்.ஏ. ஆபீஸ் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு இன்டர்ன்ஷிப் வரும் கல்லூரிப் பிள்ளைகள் கையில் முதலில் விழுவது மனுக்கட்டுதான். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், கண்மாய் மடை, 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை என்று எல்லாம் கலந்து கிடக்கும். அதையெல்லாம் பிரித்துப் பதிந்து கொடுத்தவர்களை வழியனுப்பும்போதுதான் நாம் சொதப்புகிறோம்.

பெரிய தவறு சான்றிதழில். 'சிறப்பாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்று எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அடித்துக் கொடுத்தால், நாளைக்கு இன்டர்வியூவில் அந்தப் பிள்ளை எதைக் காட்டும்? 'வந்த மனுக்களைத் துறைவாரியாகப் பிரித்தார். பதில் வராதவற்றுக்கு நினைவூட்டுக் கடிதம் தயாரித்தார். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஊர்கள் கேட்ட வேலைகளைத் தொகுத்தார்' என்று செய்ததை எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும் வேண்டும். அப்புறம் இனிஷியல். பாட்டி பேரைப் பேத்திக்கு வைக்கிற ஊர் இது. ஒரே பேட்ச்சில் இரண்டு வள்ளியம்மை இருப்பார்கள். மார்க் ஷீட்டில் உள்ளபடி பெயர் இருக்கிறதா என்று அவர்களிடமே ஒரு தடவை காட்டிவிட்டு பிரிண்ட் எடுங்கள்.

அடுத்தது போட்டோ. கட்சிக் கொடிக்கும் தலைவர் படத்துக்கும் நடுவில் நிற்க வைத்து எடுத்து, கேட்காமலே கட்சிப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் வந்தது சட்டமன்ற உறுப்பினர் அலுவலக வேலைக்கு. கட்சியில் சேர அல்ல. அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளை சங்கடப்படும், ஆனால் வாய் திறந்து சொல்லாது. மேஜை மேல் கிடக்கும் மனுவில் யாருடைய ஆதார் எண்ணாவது படத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

விழாவைப் பெரிதாக்க வேண்டாம். எம்.எல்.ஏ. கல்யாணம், காதுகுத்து எல்லாம் முடித்து வரும்வரை தேவகோட்டைப் பெற்றோர் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலையில், அலுவலகத்திலேயே பத்து நிமிடம் போதும். ஒவ்வொருவர் பெயரையும் அவர் செய்த ஒரு வேலையையும் எம்.எல்.ஏ. வாயால் சொன்னால் சரி. பொன்னாடை, ஷீல்டு எல்லாம் எதற்கு? பனையோலைக் கொட்டானில் மனகோலம், சீப்புச்சீடை என்று நம்ம ஊர்ப் பலகாரம் வைத்துக் கொடுங்கள், வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள்.

மேடை உற்சாகத்தில், 'உன் வேலைக்கு நான் பொறுப்பு' என்று சொல்லிவிடுவது இன்னொரு வம்பு. மறு வாரமே அம்மா பயோடேட்டாவோடு வாசலில் நிற்பார். 'கம்பெனியிலிருந்து விசாரித்தால் உன்னைப் பற்றிப் பேசுகிறேன்' என்பது காப்பாற்ற முடிந்த வார்த்தை.

ஊர் ஊராகப் போய் வந்த பஸ் கட்டணம் பாக்கி இருந்தால், அதை நன்றி சொல்வதற்கு முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.